ஐந்தாவதாக இருந்தது

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இது பொய்யாக இருந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவன் நான்தான்.

எனக்கு வீட்டிலிருந்தே வேலை. அன்று பட்டப்பகல். நெட் ஆமை வேகத்தில் நகர்ந்தது. ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்து முடித்துவிடலாம். பிரவுசரில் சேர்ந்திருந்த குப்பையை அழித்தேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. கடைசியில், எங்கள் வைஃபையில் என்னென்ன இணைந்திருக்கிறது என்று பார்த்தேன். நான்கு எங்களுடையவை. ஐந்தாவது யாருடையதோ. மொத்த வேகத்தையும் அதுதான் விழுங்கிக்கொண்டிருந்தது.

“ஓசியில ஓட்டுறியா? இரு” என்று அதைத் தடுத்தேன். நெட் பறந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் கேட்டது.

டொக்... டொக்... டொக்...

பக்கத்து வீட்டுச் சுவர். ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா வேலை முடிந்து வந்தார். அவர் அலறியது ஹெட்செட்டையும் தாண்டிக் கேட்டது. படுத்த படுக்கையாகக் கிடந்த அவருடைய அப்பா போய்விட்டார். கொஞ்சம் முன்னால் பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றாராம் டாக்டர்.

என் மனைவியின் முகம் வெளுத்திருந்தது.

“அப்பாவைப் பாத்துக்க அக்கா கேமரா வெச்சிருந்தாங்க. ஆபீஸ்லேர்ந்து போன்ல பாப்பாங்க. அவங்க நெட் கட்டாயிடுச்சுன்னு நம்ம பாஸ்வேர்டை நான்தான் குடுத்தேன். உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன். மத்தியானத்துலேர்ந்து கேமரா வரவே இல்லையாம்...”

தடுத்தது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அவளிடம்கூட.

மூன்றாம் நாள் நெட் மறுபடி ஆமையாக நகர்ந்தது. வைஃபையில் இணைந்திருப்பவற்றைத் திறந்து பார்த்தேன்.

ஐந்தாவது இருந்தது.

தடுத்தேன். வந்தது.

மறுபடி தடுத்தேன்.

வந்தது...

டொக்...

செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அக்கா மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

“அக்கா... கேமரா ஓடுதா?”

“அன்னைக்கே கழட்டிட்டேன் தம்பி. அதோ.”

மேஜைமேல் கிடந்தது. ஒயரைச் சுற்றி வைத்திருந்தார்.

“அன்னைக்கு அது நிறைய நெட் இழுத்துச்சுக்கா...” வாய் தவறி வந்துவிட்டது.

அவர் என்னையே பார்த்தார்.

“அது எப்படி? நான் போன்ல திறந்தா, இல்ல ஏதாவது அசைஞ்சாத்தான் அது வீடியோ அனுப்பும். அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் நான் திறக்கவே இல்ல. அப்பாவுக்கு ரெண்டு வருஷமா கை கால் அசையாதே. வீட்டைப் பூட்டிட்டுத்தானே போனேன்...”

அந்த அறையில் அசைந்தது யார்? சுவரைத் தட்டியது யார்? இன்றுவரை தெரியாது.

யாரோ அவருக்காக உதவி கேட்டிருக்கிறார்கள். முதலில் கேமராவில். அப்புறம் சுவரில்.

இரண்டையும் அடைத்தவன் நான்.