சாகாத ராணி

மாயாஜாலக் கதை ஒலிநூல் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சிபாரிசு செய்துகொண்டிருந்தேன். சின்ன வயதில் அக்கா எனக்குப் படித்துக் காட்டிய அதே தொடர்கதை. இன்று தார்நாகா போகும் பேருந்தில் மூன்றாம் பாகம் கேட்டேன். ராணி செத்துப்போனாள்.

அக்கா படித்த கதையில் அவள் சாகவில்லை.

அப்போது அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியதும் அப்பா நேரே அங்கே போய்விடுவார். ரயில்வே குவார்ட்டர்ஸில் நானும் அக்காவும்தான். தெலுங்கு மீடியத்தில் படித்த எனக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பசை வாசம் வீசும் பைண்டு புத்தகத்தை மடியில் வைத்து, விரலை எச்சில் தொட்டுப் புரட்டிப் புரட்டிப் படிப்பாள் அக்கா. ஒருநாள் மட்டும் பக்கத்தைப் புரட்டாமலே வெகுநேரம் படித்தாள். பச்சிலை தின்று ராணி எழுந்து உட்கார்ந்தாள். நான் நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த வாரம் அம்மாவும் வீடு திரும்பினாள்.

பேருந்தை விட்டு இறங்கியதும் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"ராணி செத்துட்டாளேக்கா."

"அன்னிக்கு அதை உன்கிட்ட எப்படிடி படிக்கிறது? நீ சோறே திங்காம கிடந்தே. சாவு நக்கோ, வேண்டவே வேண்டாம்னு நானே மாத்திட்டேன்."

ஒலிநூலில் இன்னும் நாலு பாகம் இருந்தது. நான் கேட்கப்போவதில்லை.

"பச்சிலை தின்னுட்டு ராணி அப்புறம் எங்கக்கா போனா? நீயே சொல்லு," என்றேன்.