மூங்கிலில் கட்டிய பாய்லர்

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரம் செவிலிமேட்டில் ஒரு ரைஸ் மில்லுக்கு நெல் அவிக்கிற பாய்லர் வந்தது. பன்னிரண்டு அடி நீளம். பிரிக்க முடியாது. ரோட்டில் இறக்கி வைத்தோம். மில்லுக்குப் போக ஒரே சந்து, நடுவில் ஒரு திருப்பம்.

திருப்பத்தில் பட்டு நெய்கிற ஒரு அம்மாவின் வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் தறி. புதுப் பாவு நூல் ஏற்றி ஒரு புடவைகூட முடியவில்லை. சுவரை இடித்துவிட்டு அப்புறம் கட்டிக் கொடுக்கலாம் என்றார், மெட்ராஸிலிருந்து வந்த ஃபிட்டர். இடித்தால் தறியைப் பிரிக்க வேண்டும், பாவு நூலை அறுக்க வேண்டும். அந்த அம்மா சண்டை போடவில்லை. வாசலில் வந்து நின்றுகொண்டார்.

நான் பாரம் இறக்குகிற மேஸ்திரி. மூன்றாவது வரை படித்தவன். இரண்டு நாள் டயம் கேட்டேன். பாய்லர் திரும்புமா என்று பார்க்க, அதே அளவுக்கு மூங்கிலில் ஒரு கூண்டு கட்டி, நாலு பேராகத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் போனோம்.

"யாருக்குப்பா பாடை?" என்றார் ஃபிட்டர்.

திருப்பத்தில் உரசியது, ஆனால் போய்விட்டது. ஆட்கள் விசிலடித்தார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

அந்த அம்மா மட்டும், "மூங்கிலு வளைஞ்சி குடுத்துதுபா. இரும்பு வளையுமா?" என்று கேட்டார்.

வளைந்ததை நான் கவனிக்கவில்லை. சுவர் அவருடையது, அவர் கவனித்தார்.

மறுநாள் அதே கூண்டைச் சவுக்குக் கட்டையில் அசையாமல் ஆணி அடித்துக் கட்டினேன். அகலமான அடுப்பு முனையை முன்னால் விட்டால் சிக்கியது. குறுகலான மறு முனையை விட்டேன். போனது. சுவருக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டு விரல் இடம். மூன்று தரம் போய்ப் பார்த்தோம். சந்துக்குள் வைத்துத் திருப்ப முடியாது என்பதால், பாய்லரை ரோட்டிலேயே திருப்பி வைத்தோம்.

அடுத்த நாள் காலை உருளைக் கட்டை போட்டு பாய்லரை நகர்த்தினோம். திருப்பம் வந்ததும் அந்த அம்மா, "நீ பாத்துக்கோபா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தறியில் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் நாங்கள் விரல் விரலாக நெம்பினோம். அந்தப் பக்கம் தறிச் சத்தம் நிற்கவே இல்லை.

ஒரு செங்கல் உதிரவில்லை. ஃபிட்டர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு பீடி கொடுத்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பாரம் இறக்கிவிட்டேன், ஆனால் என்னை நம்பி சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய அந்தத் தறிச் சத்தம்தான் இன்றைக்கும் நான் வாங்கிய ஒரே சர்டிபிகேட்.