முனுரத்தினம் மறைத்த சுழி

ஆம்பூரில் மனிதர்களைப் படம் எழுதப் பலர் இருந்தார்கள். மாட்டுக்கும் குதிரைக்கும் நாய்க்கும் முனுரத்தினம் ஒருவர்தான். ஆரம்பத்தில் அவரும் மனிதர்களைத்தான் எழுதினார். அரிசி மண்டிக்காரர் ஒருவரின் மாறுகண்ணை மாறுகண்ணாகவே எழுதிக் கொடுத்து, அடி வாங்காத குறையாக வீடு வந்து சேர்ந்த பிறகு மிருகங்களுக்கு மாறினார். மாடு சண்டைக்கு வராது என்று நினைத்தார், பாவம். மாட்டுக்குச் சொந்தக்காரன் வருவானே என்பது அவர் மண்டையில் ஏறவில்லை.

தோல் பதனிடும் ஷெட்டு வைத்திருந்த சர்தார் பாஷா தன் கிழட்டுக் குதிரையை எழுதச் சொன்னார். வீட்டில் உருவப் படம் கூடவே கூடாது என்று அவர் மனைவி அக்தரி பேகம் சொல்லிவிட்டதால், படம் ஷெட்டு ஆபீசுக்கு என்று ஏற்பாடு. படத்தைப் பார்த்ததும் பாஷா முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா முனுரத்தினம், பட்டினி போட்டு வளத்த மாதிரி எழுதிக்கிறியே! வர்றவன் போறவன் என்னை இன்னா நெனைப்பான்?"

"விலா எலும்பு பதினொண்ணு வெளிய தெரியுது சாய்பு. எண்ணிப் பாருங்க, நான் ஒண்ணு கூட ஜாஸ்தி போடல."

பாஷா எண்ணிப் பார்க்கவில்லை. ஆபீஸ் சுவரில் காலண்டர் தொங்கியது. படம் முனுரத்தினத்தின் வீட்டுக்கே திரும்பி வந்து, அடுப்பங்கரைப் புகையில் இன்னும் இளைத்தது.

"ரெண்டு எலும்ப மறைச்சிருந்தா உன் கை இன்னா அழுகிப் போயிடுமா?" என்றாள் மனைவி கோவிந்தம்மாள்.

"பொய் எழுத மாட்டேன்டி."

இந்த மூன்று வார்த்தையை அவர் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம், விருந்தாளி வந்தால் கூடுதலாக இரண்டு தரம் சொல்லுவார். கேட்டுக் கேட்டு ஊருக்கே காது புளித்துவிட்டது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், ஊர் அதை நம்பவும் செய்தது. மாட்டை எழுதும்போது மணி, கழுத்துவார், நெற்றிப்பட்டை எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு, குளிப்பாட்டி நிறுத்தி, உடம்பு முழுக்கக் கையால் தடவி, ஒவ்வொரு சுழியையும் நோட்டில் குறித்துக்கொள்வார். அந்தச் சீமையில் மாடு வாங்குகிறவன் பல்லைப் பார்க்கும் முன்னே சுழியைப் பார்ப்பான். முடி சுழன்று நிற்கும் இடத்தைப் பொறுத்து வீடு விளங்கும், அல்லது விளங்காது. ஆகவே முனுரத்தினத்தின் படம் தரகர்களுக்கு ஜாதகம் மாதிரி. அவர் எழுதாத சுழி மாட்டில் இல்லை என்று சந்தையில் பந்தயமே கட்டுவார்கள்.

இத்தனை பெருமை இருந்தும் அவருக்கு ஒரு பெரிய ஏக்கம். வேலூரில் வருஷா வருஷம் கால்நடைக் கண்காட்சி நடக்கும். கலெக்டர் உட்காரும் மேடைக்குப் பின்னால் நல்ல மாடுகளின் படங்களை மாட்டுவார்கள். சாகிறதுக்குள் தன் படம் ஒன்று அங்கே தொங்க வேண்டும். பதினாறு வருஷமாக அவர் வேலூருக்குப் போய், அடுத்தவன் எழுதிய கோணல் மாடுகளைப் பார்த்து வயிறெரிந்து திரும்பிக்கொண்டிருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பண்ணைக்காரர் வரதப்பன் ஆள் அனுப்பினார். சிங்காரம் என்று ஒரு காளை. வெள்ளை உடம்பு, கருத்த திமில், நடந்தால் வரப்பே அதிரும். முனுரத்தினத்துக்குக் கண்டதும் காதல். அதுவும் அவர் கையை நக்கிக்கொண்டு பத்து நாள் அசையாமல் நின்றது. அவர் வாழ்நாளில் எழுதியதிலேயே அதுதான் நல்ல படம். சும்மா சொல்லக் கூடாது, உண்மையிலேயே நல்ல படம்.

வரதப்பன் படத்தை உச்சி முதல் குளம்பு வரை பார்த்தார். கழுத்துக்கு வந்ததும் விரலை வைத்தார்.

"இது வேணாம்."

கழுத்துவாரின் அடியில் ஒளிந்திருந்த பெண்டிழந்தான் சுழி அது. அந்தச் சுழியுள்ள மாட்டை வைத்திருப்பவனின் பெண்டாட்டி செத்துப்போவாளாம். வரதப்பனுக்கு இரண்டு பெண்டாட்டிகள். இரண்டு பேரும் அந்த நேரம் கொல்லையில் ஒருத்தி கூந்தலை ஒருத்தி பிடித்துச் சண்டை போடும் அளவுக்குத் திடகாத்திரமாக இருந்தார்கள். சுழி அந்த வீட்டில் நாலு வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தது.

"பொய் எழுத மாட்டேங்க."

"சரி, எழுதாதே. வேலூர் மேடைக்குப் பின்னால இந்தப் படத்த மாட்ட ஏற்பாடு பண்ணிட்டேன். சுழியோட மாட்ட முடியாது. வேற ஆளப் பாத்துக்கறேன்."

முனுரத்தினம் விரலை மடக்கி எண்ணினார். பதினாறு வருஷம்! அன்று சாயங்காலம் சுழியின் மேல் வழவழவென்று வெள்ளை முடியை எழுதினார். படத்தில் மற்றதெல்லாம் எண்ணெய் வண்ணம். இதை மட்டும் தண்ணீர் வண்ணத்தில் எழுதினார். எண்ணெய் வண்ணத்தில் எழுதினால்தான் பொய், தண்ணீரில் எழுதினால் பொய்யில்லை என்று அவர் மனசாட்சி ஒரு சட்டம் போட்டது. வாழ்க அந்த மனசாட்சி.

வேலூரில் படம் தொங்கியது. கலெக்டர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். முனுரத்தினத்துக்கு அதுவே சொர்க்கம்.

காவேரிப்பாக்கத்து விவசாயி பச்சையப்பன் அங்கேயே காளைக்கு விலை பேசினான். கழுத்துவாரை அவிழ்க்கச் சொன்னான்.

"மந்திரிச்சுக் கட்டினது, பொங்கல் வரைக்கும் அவுக்கக் கூடாது" என்றார் வரதப்பன். "சந்தேகம்னா படத்தப் பாரு. முனுரத்தினம் எழுதினதுப்பா!"

பச்சையப்பன் படத்தைப் பார்த்தான், வாங்கிவிட்டான். பொங்கலுக்குக் குளிப்பாட்டும்போது வாரை அவிழ்த்தான். அவன் மனைவி கெங்கம்மாள் பார்த்த மாத்திரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறைத்து விற்றால் விற்றவனே மாட்டைத் திரும்பப் பிடித்துக்கொள்ள வேண்டும், சந்தை வழக்கம் அது. பச்சையப்பன் காளையை ஒடுகத்தூர்ச் சந்தைக்கே ஓட்டி வந்தான். வரதப்பன் அலட்டிக்கொள்ளவில்லை. படத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, "இது என் மாடே இல்ல. மாத்திட்டான் திருடன்" என்றார். தரகர்கள் படத்தைப் பார்த்தார்கள், மாட்டைப் பார்த்தார்கள், மறுபடி படத்தைப் பார்த்தார்கள். கடைசியில் மாடுதான் பொய் என்று முடிவு கட்டிவிட்டார்கள். எதிரே நின்று சாணி போடுகிற மாட்டைவிட முனுரத்தினத்தின் படம் பெரிதாகிவிட்டது!

பச்சையப்பன் அழுதேவிட்டான். "நான் திருடன் இல்லீங்க. அந்தப் படக்காரரையே கூப்புட்டுக் கேளுங்க."

கூப்பிட்டார்கள். முனுரத்தினம் வந்தார். சிங்காரம் அவரை அடையாளம் கண்டு கையை நக்கியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பேரும் மிஞ்சும், வேலூரில் தொங்கிய படமும் மிஞ்சும். ஒருத்தன் திருடனாவான், அவ்வளவுதான். அவர் கட்டைவிரலை எச்சிலில் நனைத்து, படத்தின் கழுத்தில் அழுத்தித் தேய்த்தார். வெள்ளை கரைந்து வழிந்தது. அடியில் சுழி அப்படியே இருந்தது.

"நான் எழுதினது பொய்" என்றார்.

வரதப்பன் காளையைத் திரும்பப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஊர் தன் மேல் காறித் துப்பும் என்று முனுரத்தினம் எதிர்பார்த்தார். ஊரோ கொண்டாடியது. தன் பொய்யைத் தானே அழித்த உத்தமர் என்று தரகர்கள் அவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். முனுரத்தினம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்தச் சந்தோஷத்தில் சிங்காரம் என்ன ஆகும் என்று கேட்க மறந்துபோனார். கோவிந்தம்மாள் கேட்டாள். அவர் காதில் வாங்கவில்லை.

ஒரு மாதம் கழித்து சர்தார் பாஷா ஆள் விட்டு அழைத்தார். உத்தமர் கையால் எழுதிய குதிரைப் படம், பதினொரு எலும்போடு, இப்போது அவருக்கு வேண்டுமாம். முனுரத்தினம் படத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். சுண்ணாம்புக் குழியில் முடி உதிர்த்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறி வந்த பெரிய தோல் ஒன்றைப் பாஷா மேஜை மேல் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா முனுரத்தினம், இதப் பாரு. ஒடுகத்தூர் பண்ணைக்காரன் காளை. இவ்ளோ அழகான மாட்ட எவனும் கட்டிக்க மாட்டேன்னுட்டானாம், தரகன் அடிமாட்டு வெலைக்கி இட்டாந்தான். பைத்தியக்காரப் பசங்க! ஒரு கீறல் கெடையாது, ஒரு மச்சம் கெடையாது. ஃபஸ்ட் கிளாஸ். தொட்டுப் பாரேன்."

முனுரத்தினம் படத்தைக் கீழே வைத்தார். கால் பக்கத்திலிருந்து மேலே, மாட்டை எழுதும்போது தடவுகிற அதே வரிசையில் தோலைத் தடவிக்கொண்டே வந்தார். கழுத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அங்கே சுழி இல்லை. அவர் தண்ணீர் வண்ணத்தில் எழுதியிருந்தபடியே வழவழவென்று இருந்தது.