பி.பி. டிரங்க் கம்பெனி

ஜான் பாஷாவுக்கு ரத்தக் கொதிப்பு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அறுபது வயதிலும் மூச்சு வாங்காமல் ராஜகிரி மலை ஏறி இறங்கியவர். ஆனாலும் செஞ்சிக் கடைத்தெருவில் அவரை பி.பி. பாய் என்றுதான் சொல்வார்கள். ஊருக்குப் புதிதாக வந்த டாக்டர் ஒருவர் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, உப்பைக் குறைக்கும்படி அவருக்குப் புத்தி சொன்னதுகூட உண்டு. பெயருக்கும் உப்புக்கும் சம்பந்தமே இல்லை. அது மெட்ராஸ் டெலிபோன் நம்பரால் வந்த வினை.

அறுபத்து மூன்றாம் வருஷம் அவருக்கு வயது நாற்பத்திரண்டு. போஸ்டாபீஸுக்கு எதிரே ஒற்றைக் கதவுக் கடையில் டிரங்குப் பெட்டி செய்து விற்றுக்கொண்டிருந்தார். விற்றுக்கொண்டிருந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. செய்துகொண்டிருந்தார் என்பதுதான் சரி. பெட்டி என்னவோ முதல் தரம். மூடி ஒரே அழுத்தில் மூடும், ரிவெட் ஒன்றுகூட எழும்பி நிற்காது, மூலையில் வெளிச்சம் தெரியாது. ஆனால் செஞ்சிக்காரர்களுக்குப் பெட்டி என்றால் மெட்ராஸ் பெட்டிதான். பெண்ணுக்குச் சீர் கொடுப்பவன் மெட்ராஸ் பெட்டி என்று சொல்லிக் கொடுத்தால்தான் சம்பந்தி வீட்டில் தலை நிமிர முடியும்.

இதில் வயிறு எரிகிற சங்கதி ஒன்று உண்டு. மொத்த வியாபாரி ஒருவன் இவரிடம் பெட்டிகளை வாங்கி லாரியில் மெட்ராஸுக்கு ஏற்றுவான். அங்கே ஒரு லேபிள் ஒட்டிக்கொண்டு, அதே பெட்டி, இவர் மூடியில் போட்ட அதே கிளிப்படத்தோடு, திரும்பவும் செஞ்சிக்கு வந்து இரண்டு கடை தள்ளி மெட்ராஸ் பெட்டியாக உட்காரும். ஜனங்கள் அதைப் போட்டி போட்டு வாங்குவார்கள். ஜான் பாஷா தன் கடையில் உட்கார்ந்து, தான் பெற்ற பிள்ளையை ஊரான் தூக்கிக் கொஞ்சுவதைப் போலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த மொத்த வியாபாரியும் அந்த வருஷம் தை மாதத்தோடு வருவதை நிறுத்திவிட்டான். ஜான் பாஷாவின் மனைவி ஜாஹிதா பேகத்தின் தம்பி கரீம் மெட்ராஸில் ஒரு குடைக்கடையில் வேலை பார்த்தான். அங்கே ஒரு பெரிய பெட்டிப் பட்டறையில் மச்சானுக்குக் கூலி வேலை பேசி வைத்திருப்பதாக எழுதினான். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பெரிய ஆர்டர் ஒன்று கிடைத்தால் கடை பிழைக்கும். இல்லையென்றால் கதவைச் சாத்திவிட்டு, குடும்பத்தோடு மெட்ராஸுக்குப் போய் இன்னொருவன் பட்டறையில் சுத்தியல் பிடிக்க வேண்டியதுதான். ஜாஹிதா பேகம் மெட்ராஸ் என்ற சொல்லைக் கேட்டாலே சோற்றில் கல்லைக் கடித்தது போல முகத்தை வைத்துக்கொள்வாள்.

அந்தப் பெரிய ஆர்டர் சித்திரையில் தானாகவே நடந்து வந்தது. அவலூர்பேட்டைப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து விடுதி வார்டன் அமிர்தசாமி, பையன்களுக்கு ஐம்பது பெட்டி தேடிக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். கனத்த ஆள். ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்றே பார்த்தார். பெட்டி முனகக்கூட இல்லை.

"பெட்டி பிரமாதமா இருக்குது பாய். ஆனா எங்க கமிட்டி மெட்ராஸ் கம்பெனி சரக்குதான் வாங்கணும்னு எழுதி வச்சிருக்குது. கம்பெனின்னா ஒரு போன் நம்பராவது இருக்கும். நாளைக்கு ஒரு கொண்டி கழண்டா யாரை கேக்கறது?"

"நான் இங்கியேதான சார் இருக்கேன். நேரா வந்து கேளுங்க."

"அதான் பாய் சிக்கல். நேரா வந்து கேக்கற மாதிரி இருந்தா அது கம்பெனி ஆவுமா?"

ஜான் பாஷா அன்று ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்துவிட்டு, காலையில் முதல் ஆளாகப் போஸ்டாபீஸ் படியேறினார். போஸ்ட்மாஸ்டர் ராமகிருஷ்ணன் முத்திரைக் கட்டையைக்கூட இன்னும் கையில் எடுக்கவில்லை.

"சார், எனக்கு ஒரு மெட்ராஸ் நம்பர் குடுங்க."

"மெட்ராஸுக்குப் பேசணுமா? அப்போ டிரங்க் புக் பண்ணணும்."

ஜான் பாஷாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பண்ணிக்கிங்க சார்! எத்தினி இஞ்சு? இருவத்தி நாலா, முப்பதா?"

"மூணு நிமிஷம் பாய்."

"மூணு நிமிஷத்துல எப்பிடி சார் டிரங்கு முடியும்? தகடு வெட்டவே அரை நாளாவும்."

இருவரும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டார்கள். முடிச்சு அவிழக் கால் மணி நேரம் ஆனது. பிறகு ராமகிருஷ்ணன் பொறுமையாக விளக்கினார். டிரங்க் என்றால் வெளியூருக்குப் பேசப் போஸ்டாபீஸில் பதிவு செய்கிற போன் கால். செஞ்சியில் போன் வைத்தால் செஞ்சி நம்பர்தான் கிடைக்கும், அதற்கே மூன்று நான்கு வருஷம் காத்திருக்க வேண்டும். செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு மெட்ராஸ் நம்பர் வேண்டும் என்று கேட்பது, இங்கே படுத்துக்கொண்டு அங்கே கனவு காண்கிற கதை.

ஜான் பாஷா அசரவில்லை. கரீமுக்கு ஒரு கார்டு போட்டார். எட்டாம் நாள் பதில் வந்தது. குடைக்கடை முதலாளி விநாயகம் தங்கமான மனுஷன், முன்கோபம் ஒன்றுதான் குறை. கடை போன் நம்பரைப் போட்டுக்கொள்ளட்டும் என்றுவிட்டார், போன வருஷம் மச்சான் அவருக்கு அனுப்பிய முப்பது இஞ்சுப் பெட்டியின் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம் என்று எழுதி, ஐந்து இலக்க நம்பரையும் எழுதியிருந்தான். கடைசியில் ஒரு வரி: "நம்பரோடு பி.பி. போட மறக்க வேண்டாம். அதுதான் மெட்ராஸ் முறை."

கரீம் நல்ல பையன். ஆனால் பி.பி. என்றால் என்ன என்று எழுதவில்லை. போர்டு எழுத வந்த பச்சைமுத்து தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு யோசித்தான்.

"பி.பி.ன்னா இன்னா பாய்?"

ஜான் பாஷாவும் யோசித்தார். சட்டென்று உடம்பெல்லாம் புல்லரித்தது. "டேய், பெட்டி பாஷாடா! மச்சான் எனக்கு கம்பெனி பேரே வச்சிட்டான்டா!"

அப்படி ஒரு பெயர் கிடைத்த பிறகு அதை நம்பருக்குப் பக்கத்தில் மூலையில் போடுவார்களா? போர்டின் தலையில் ஒரு முழ உயரத்துக்கு "பி.பி. டிரங்க் கம்பெனி" என்று எழுந்தது. அதன் கீழே "மெட்ராஸ் போன்" என்று போட்டு நம்பர். செஞ்சி என்ற சொல் எங்கேயும் இல்லை. ஜாஹிதா பேகம் வந்து பார்த்துவிட்டு, "இருக்கிற ஊரு பேரை ஏன் அழிச்சீங்க?" என்று கேட்டாள். வியாபாரம் பெண்களுக்குப் புரியாது என்று அவர் சொன்னார். அவளுக்கு நன்றாகவே புரிந்திருந்தது, அவருக்குத்தான் புரியவில்லை.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை அமிர்தசாமி பஸ்ஸை விட்டு இறங்கினார். போர்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இன்னா பாய், மெட்ராஸ் கம்பெனியில சேந்துட்டீங்களா? சொல்லவே இல்லியே!"

ஜான் பாஷா தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், கழுத்துச் சுளுக்கு என்றும் எடுத்துக்கொள்ளலாம். வார்டன் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லதாப் போச்சி. உங்க ஹெட் ஆபீஸோட ஒரு வார்த்தை பேசிட்டு இன்னிக்கே ஆர்டர் குடுத்துடறேன். நீங்களும் வாங்க, உங்க ஆளுங்கதானே."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஜான் பாஷா கைலியை இறக்கி விட்டுக்கொண்டு, தூக்குமேடைக்குப் போகிறவர் மாதிரி தெருவைக் கடந்தார். அமிர்தசாமி ராமகிருஷ்ணனிடம் நம்பரைச் சொன்னார்.

"பி.பி.யோட பேசணும் சார்."

"பி.பி. காலா? சரி, யாரோட?"

"பி.பி.யோட."

"பி.பி. தெரியுது சார். பி.பி. யாருக்கு?"

"பி.பி.க்குத்தான்!"

ராமகிருஷ்ணன் பேனாவைக் கீழே வைத்தார். "சார், பி.பி.ன்னா ஆள் பேர் இல்லை, பர்ட்டிகுலர் பர்சன். குறிப்பிட்ட ஒரு ஆளைக் கூப்பிட்டுக் கொடுங்கன்னு கேக்கிற கால். சொந்தமா போன் இல்லாதவங்க அடுத்தவங்க நம்பரைப் போட்டுக்கிட்டு, பக்கத்துல பி.பி.ன்னு போடுவாங்க. கூப்பிட்டா, அந்த வீட்டுக்காரங்க போய் ஆளை அழைச்சிட்டு வருவாங்க."

ஜான் பாஷாவுக்குக் காது அடைத்துப் போயிற்று. ஆக, தனக்குச் சொந்தமாகப் போன் இல்லை என்பதை ஒரு முழ எழுத்தில் எழுதித் தலைக்கு மேல் மாட்டி வைத்திருக்கிறார்! ராமகிருஷ்ணன் எதிர்க்கடைப் போர்டை ஒருமுறை பார்த்தார், ஜான் பாஷாவை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் பேசாமல் கால் சீட்டை எழுதினார். நல்ல மனிதர். வார்டனுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. "மானேஜர் யார் இருக்காரோ அவரைக் குடுங்க" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

டிரங்க் கால் பத்து மணிக்குப் பதிவானது. லைன் பதினொன்றுக்கு வரவில்லை, பன்னிரண்டுக்கும் வரவில்லை. ஒரே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். உண்மையைச் சொல்லிவிட ஜான் பாஷா மூன்று தடவை வாயைத் திறந்தார். முதல் தடவை வார்டன் அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். இரண்டாம் தடவை, "உங்களுக்கு ஒரு வழி பொறந்துச்சே, அதுவே எனக்கு சந்தோஷம் பாய்" என்றார். அதற்குப் பிறகு மூன்றாம் தடவை திறந்த வாய் வெற்றிலையை மென்றுவிட்டு மூடிக்கொண்டது.

ஜும்மாவுக்கு நேரமானதும் பள்ளிவாசலுக்கு ஓடினார். தொழுகை முடிந்து கையேந்தியபோது, ஐம்பது பெட்டி ஆர்டரைக் கேட்கவில்லை. அந்த லைன் மட்டும் கிடைக்கக்கூடாது என்று கேட்டார். திரும்பி வருகிற வழியில்தான் உறைத்தது: இன்று வெள்ளிக்கிழமை என்றால் கரீமும் தொழுகைக்குப் போயிருப்பான். குடைக்கடையில் போனை எடுக்கப் போவது முன்கோப முதலாளிதான். நடையை எட்டிப் போட்டார். அவர் படியில் கால் வைக்கவும் போன் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

அந்தக் காலத்து லைனில் மெட்ராஸுக்குக் கேட்க வேண்டுமானால் பாதிச் செஞ்சிக்குக் கேட்கிற மாதிரி கத்த வேண்டும். அமிர்தசாமி கத்தினார்.

"அலோ! டிரங்க் கம்பெனியா? டிரங்குப் பெட்டி விஷயமா பேசணும்!"

எதிர்முனையில் விநாயகம் கத்தியது பெஞ்சு வரைக்கும் கேட்டது. "டிரங்கும் இல்ல கிரங்கும் இல்ல! இது குடைக்கடை சார்!"

ஜான் பாஷா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். அமிர்தசாமி விடவில்லை. "குடை இல்லீங்க, பெட்டி! ஐம்பது பெட்டி! நல்ல மெட்ராஸ் பெட்டியா வேணும்!"

"பெட்டிக்கு எதுக்கு சார் மெட்ராஸுக்கு அலையறீங்க? இங்க விக்கிறதெல்லாம் தகர டப்பா! போன மழையில கடைக்குள்ள முழங்கால் தண்ணி சார்! குடை மொத்தமும் நனைஞ்சி துரு ஏறிப் போச்சி! ஒரே ஒரு பெட்டியில வச்ச குடை மட்டும் நனையல! குடைக்கே குடை புடிச்ச பெட்டி சார் அது! நல்ல பெட்டி வேணும்னா செஞ்சிக்குப் போங்க! செஞ்சி, செஞ்சி! அங்க எங்க கரீமோட மச்சான் ஒருத்தர் இருக்காரு, பாஷான்னு பேரு! அவரு கையால வாங்குங்க!"

மூன்று நிமிஷம் முடிந்து லைன் அறுந்தது. அமிர்தசாமி ரிசீவரை மெதுவாக வைத்தார். திரும்பினார். ஜான் பாஷாவால் தலையை நிமிர்த்த முடியவில்லை. அவமானம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மெட்ராஸில் ஒரு மனிதன் செஞ்சி, செஞ்சி என்று தொண்டை கிழியக் கத்திய சத்தம் காதை விட்டுப் போகவில்லை. இருபது வருஷம் தகட்டோடு மாரடித்ததில் இப்படி ஒரு சொல்லை அவர் காதால் கேட்டதில்லை. அதைக் கேட்ட இடத்தில் தானே பொய்யனாக நிற்க வேண்டி வந்ததே என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சார், நான் பண்ணது தப்பு சார். கம்பெனியும் இல்ல, கிம்பெனியும் இல்ல. நான்தான். போர்டை இன்னிக்கே கழட்டிடறேன்."

வார்டனுடைய பெரிய வயிறு குலுங்க ஆரம்பித்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ராமகிருஷ்ணனும் ஜன்னலுக்கு உள்ளே முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

"கமிட்டிக்கு நான் இன்னா எழுதப் போறேன் தெரியுமா பாய்? மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டு விசாரிச்சேன், செஞ்சி பெட்டிதான் உசத்தின்னு மெட்ராஸ்காரங்களே சொல்லிட்டாங்கன்னு எழுதுவேன். இதுல ஒரு எழுத்து பொய் இருக்குதா? ஐம்பதும் நீங்களே அடிச்சிக் குடுங்க. ஒவ்வொரு மூடியிலயும் செஞ்சின்னு பெருசா எழுதணும், ஆமா."

ஜான் பாஷா வீட்டுக்குப் போனபோது மணி மூன்று. கடைத்தெரு வழியாகச் செய்தி பாதி மட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது: மெட்ராஸுக்குப் போன் போட்டார்களாம், பாய் அழுதாராம். ஜாஹிதா பேகம் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இன்னா சொன்னாங்க மெட்ராஸ்ல? நாம கிளம்பணுமா?"

"கிளம்ப வேணாம்" என்றார் ஜான் பாஷா. "நேரா செஞ்சிக்குப் போங்கன்னு சொல்லிட்டாங்க."