உண்ணிக்கார நேசபாய்

பத்தடி இழுத்ததும் நின்று, துணியைப் புரட்டிப் பார்க்கிறார் நேசபாய். ஒரு மீட்டர் அகலமுள்ள வெள்ளை ஃபிளானல் துணி. ஓர் ஓரத்தில் மூங்கில் கம்பு, கம்பில் கயிறு. பேச்சிப்பாறைக்கு மேலே, ரப்பர் தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் புல்லின் மேல் அதைக் கிடத்தி இழுத்துக்கொண்டே நடக்கிறார். மாடோ மனிதரோ உரசிப் போவதற்காகப் புல்நுனியில் காத்திருக்கும் உண்ணிகள், வந்தது யாரென்று பாராமல் துணியில் தொற்றிக்கொள்ளும். எள்ளில் பாதிகூட இருக்காது. நமக்கு வெறும் தூசி. அவரோ, "வந்தியா மக்கா? வா, வா" என்று கொஞ்சியபடி இடுக்கியால் நோகாமல் எடுத்துக் குப்பியில் போடுகிறார்.

பூச்சிகளும் உண்ணிகளும் பரப்பும் நோய்களை ஆராய்கிற நிலையம் ஒன்றில் அவர் களப்பணியாளர். இதே மலையில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், இந்த வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. சுடிதாருக்கு மேல் கணவர் செல்வதாஸின் முழுக்கைச் சட்டை, கால்சட்டை நுனியை உள்ளே திணித்து முழங்கால் வரை இழுத்துவிட்ட வெள்ளைக் காலுறை. "கறுப்பு உடுத்தா ஏறுறது தெரியாதுல்லா" என்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்கம் சூடு பிடிக்கும்போது, முன்வரிசைப் பெண்ணின் சேலை ஓரத்தை நைசாகத் தூக்கி ஆராய்ந்துகொண்டிருப்பார். குப்பிகளில் ஊற்றும் ஸ்பிரிட்டின் வாடை எப்போதும் அவர் மேல் வீசும். பேருந்தில் புதிதாக வந்த நடத்துநர் ஒருவர் மூக்கைச் சுளித்து, "என்னக்கா, காலையிலேயேயா?" என்று கேட்டுவிட்டார். "ஆமா மக்கா, சர்க்கார் செலவுல" என்று சொல்லி டிக்கெட்டை வாங்கிக்கொண்டார் நேசபாய்.

ஊர்க்காரர்கள் 'உண்ணிக்காரி' என்றால் அவருக்குக் கோபம் வராது, தலை இன்னும் கொஞ்சம் நிமிரும். என்ன வகை, ஆணா பெண்ணா என்பதையெல்லாம் வெறுங்கண்ணாலேயே சொல்லிவிடுவார். அவருடைய அதிகாரி பிரைட்டன் இளம் விஞ்ஞானி. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னதுதான் அக்கா" என்று தலையாட்டுவார். "மைக்ராஸ்கோப்பும் அதையே சொல்லுதா? பரவாயில்ல, அதுவும் படிச்சு வருது" என்பார் நேசபாய்.

அப்படிப்பட்டவரைப் போன ஐப்பசியில் ஓர் ஊர் பாடாய்ப் படுத்தியது. பேச்சிப்பாறை அணைக்குக் கீழே உள்ள அந்தச் சிற்றூரில் இரண்டு பேர் காரணம் பிடிபடாத காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தார்கள். உண்ணிக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்க வேண்டும். இரண்டு முறை போய் மாடுகளைச் சோதித்தார்கள். இரண்டு முறையும் படிவத்தில் சைபர். மூன்றாவது முறையும் சைபர் என்றால் ஆய்வுப் பட்டியலிலிருந்து ஊரை எடுத்துவிடுவார்கள். பிறகு யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க ஆள் கிடையாது. நேசபாய்க்குச் சோறு இறங்கவில்லை. "உண்ணி இல்லாத மாடுன்னா அது கடையில விக்கிய பொம்ம மாடாக்கும் சார்" என்று பிரைட்டனிடம் சண்டைக்கே போனார்.

மூன்றாவது முறை போனபோது, பால் விற்கும் ஜெபமணி என்ற பெண்ணின் ஜெர்சிப் பசு கல்யாணத்துக்குப் புறப்பட்டது மாதிரி பளபளவென்று நின்றது. உடம்பில் ஓர் உண்ணிகூட இல்லை. ஆனால் வாலுக்கு அடியிலும் மடிக்கு மேலும் விரலை ஓட்டிய நேசபாய்க்கு, ஊசி குத்திய மாதிரி புத்தம்புதுக் காயங்கள் தட்டுப்பட்டன. விஷயம் விளங்கிவிட்டது. குழு வருகிற செய்தி முந்தின நாளே ஊர் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். ஆபீசர்கள் வரும்போது மாடு அழுக்காக நின்றால் வீட்டுக்கு அல்லவா குறைச்சல்! ஊரே மாட்டைக் குளிப்பாட்டி, உண்ணியை ஒன்று விடாமல் பறித்துவிட்டு, மரியாதையாகக் காத்திருந்திருக்கிறது.

"பறிச்ச உண்ணிய எங்க போட்டிய?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எனக்க மாட்டுல உண்ணியா? நல்ல கூத்து!" ஜெபமணியின் முகம் சிவந்தது. "பால் வாங்குறவிய காதுல விழுந்தா நாளைக்கு ஒருத்தரும் வரமாட்டாவ."

"நானும் மாடு வளத்தவதான். எனக்க மாட்டுலயும் கெடந்துச்சு."

ஜெபமணி விறகுக்குப் பின்னாலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்து வந்தார். அதில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் அறுபது எழுபது உண்ணிகள், ரத்தம் குடித்து ஆமணக்கு விதை போல உப்பியவை, செத்துக் கிடந்தன. பிரைட்டன் குனிந்து எண்ணத் தொடங்கினார். ஆனாலும் உள்ளே நோய்க்கிருமி இருக்கிறதா என்று பார்க்க உயிருள்ள உண்ணி வேண்டும். பட்டியலிலிருந்து ஊரை எடுக்காமல் பிரைட்டன் ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

"வாற வியாழக்கிழம வரைக்கும் பறிக்காண்டாம், குளிப்பாட்டவும் வேண்டாம்" என்றார் நேசபாய்.

"ஒரு வாரமா? றோட்டுல போறவிய பாத்தா நாணக்கேடுல்லா?"

"காய்ச்சல்ல கெடந்த ரெண்டு பேரும் உங்க ஊருதானே. அடுத்தது யாருன்னு நாம காத்துக் கெடக்கணுமா?"

ஜெபமணி பசுவைத் தொழுவத்துக்குள் ஓட்டிக்கொண்டு போனார். அந்த வாரம் முழுவதும் நேசபாய்க்கு வேறு நினைப்பு ஓடவில்லை. சுத்தத்துக்குப் பேர் போன ஒரு வீட்டுக்காரியிடம் அழுக்கை அல்லவா கடன் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்!

வியாழக்கிழமை, ஊர் வாட்ஸ்அப்பில் செய்தி போடாமல் போனார்கள். பசு தொழுவத்தில் இல்லை. முற்றத்துப் பலாமரத்தில், தெருவே பார்க்கும்படி கட்டியிருந்தது. தொடையில் சாணி காய்ந்து கிடந்தது, கழுத்து மடிப்பெல்லாம் உண்ணி. ஜெபமணி வாசல்நிலையைப் பிடித்தபடி தலை நிமிராமல் நின்றார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுப் பிரிஜா எட்டிப் பார்த்து, "அய்யோ, ஜெபமணியக்கா, உங்களுக்க மாட்டுலயா இவ்வளவு உண்ணி?" என்றாள்.

"எல்லா வீட்டு மாட்டுலயும் உண்டு மக்கா" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார் நேசபாய். "ஊருக்காக நாணத்த விட்டு அதப் பறிக்காம வச்சிருந்தது இவிய ஒருத்திதான்."

சொல்லிவிட்டு, பிரைட்டனைக்கூடத் தொடவிடாத தன் இடுக்கியைச் சட்டையில் துடைத்து, பிடியைத் திருப்பி, ஜெபமணியிடம் நீட்டினார்.