பன்னிரண்டு வோல்ட்டுக்குக் கீழே

அண்ணியின் மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் தீப்பெட்டியைவிடச் சிறிய கறுப்புப் பெட்டி ஒன்று பொருத்தியிருந்தது. சாவியைத் திருப்பியதும் அதில் சிவப்பு எண்கள் எரியும். பேட்டரியில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று காட்டும் மீட்டர். பன்னிரண்டரைக்கு மேல் காட்டினால் அண்ணியின் முகம் தெளிந்துவிடும். பன்னிரண்டை ஒட்டி நின்றால் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஸ்டார்ட் பொத்தானை அழுத்துமுன் வண்டியின் டாங்கை ஒருமுறை தடவிக் கொடுப்பாள். கிக்கர் இல்லாத வண்டி. பேட்டரி கைவிட்டால் தள்ளத்தான் வேண்டும். ஒருநாள் காலையில் காளிகாட் முச்சந்தியில், முன்னால் பஸ்ஸும் பின்னால் ஆட்டோக்களும் ஹாரன் அடிக்க, அவள் அப்படித் தள்ளிக்கொண்டு ஓரம் போயிருக்கிறாள். அன்று மாலையே அந்த மீட்டர் கைப்பிடியில் ஏறிவிட்டது.

எங்கள் அப்பா துறைமுக வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து கல்கத்தா வந்தவர். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில்தான் அண்ணனும் தங்கை நானும் வளர்ந்தோம். அண்ணன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர் ஆனான். வருடத்தில் பாதிக்கு மேல் கடல். நான் பாலிகஞ்சில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்த்தேன். அண்ணி வங்காளிப் பெண். நடக்க முடியாதவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். அந்தக் கல்யாணத்தில் அம்மாவுக்கு இஷ்டமில்லை. அப்பாதான் முன்னால் நின்று நடத்தி வைத்தார். அதன் பிறகு அம்மா மருமகளிடம் ஒருநாளும் சண்டை போட்டதில்லை, நேராகப் பேசியதும் இல்லை. சாப்பிடக் கூப்பிடுவதானாலும் அப்பா வழியாகத்தான். அப்பா திடீரென்று ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வேலை எனக்கு வந்தது.

"அவ கிட்ட சொல்லு, தோச ஆறுது" என்பாள் அம்மா. அவ என்பவள் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருப்பாள்.

அண்ணி அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அண்ணனிடமும் என்னிடமும் கற்றுக்கொண்ட தமிழில் அவள் அம்மாவிடம் நேராகவே பேசிக்கொண்டிருப்பாள். அவளுடைய மொழியில் வினைச்சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது என்பதால், "மா, உங்க பையன் போன் பண்ணினா" என்றுதான் வரும். வோல்ட் என்பதை போல்ட் என்பாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அப்பா போனதிலிருந்து அந்த ஜன்னலை ஒட்டிய கட்டில்தான் அவளுக்கு உலகம். முன்பெல்லாம் முருங்கைக்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் தினமும் மார்க்கெட் போனவள், வாசற்படி இறங்குவதையே நிறுத்திவிட்டாள். கேட்டால் முழங்கால் வலி என்பாள். ஊரிலுள்ள முழங்காலையெல்லாம் நீவிவிட்டு வருகிற மருமகள் வீட்டிலேயே இருந்தாள். ஆனாலும் அந்தக் காலைத் தொட அவளுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

வண்டியின் நோய் என்ன என்பதைச் சில வாரங்கள் மீட்டரைப் பார்த்தே அண்ணி கண்டுபிடித்துவிட்டாள். மெக்கானிக்கும் அதையே சொன்னார்: வண்டியில் குறையில்லை, அவள் போகும் தூரம்தான் குறைவு. லேக் மார்க்கெட்டிலிருந்து காளிகாட், அங்கிருந்து பாலிகஞ்ச், மறுபடி இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீடு. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் செலவாகிற மின்சாரம் திரும்ப ஏறுவதற்குள் அடுத்த நோயாளியின் வீடு வந்துவிடுகிறது. வாரத்துக்கு ஒருமுறையாவது நிற்காமல் ஒரு மணி நேரம் ஓட வேண்டும். எனவே ஞாயிறு காலைகளில் அண்ணி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். நான் பின்னால் உட்கார்ந்து போவேன்.

ஒரு ஞாயிறு எனக்குச் சளியும் காய்ச்சலும். அண்ணி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவின் கட்டிலருகே போய் நின்றாள்.

"மா, நீங்க வாங்க. பேட்டரி சார்ஜ் ஆகணும். தனியா போக எனக்குப் பிடிக்கல."

அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஏட்டி, எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குன்னு கேளு."

"கிதிர்பூர் வழியா போறேன்," என்றாள் அண்ணி. "அப்பா ஆபீஸ் அந்தப் பக்கம்தானே."

இந்த முறை அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பிறகு எழுந்து குளியலறைக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தபடியே, "அந்தப் பச்சச் சேலய எடுத்து வையி" என்று குரல் வந்தது. என்னிடம் சொன்னாளா அண்ணியிடம் சொன்னாளா என்று இன்றுவரை தெரியாது. எடுத்து வைத்தது அண்ணிதான்.

அவர்கள் திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றியதில் அம்மாவின் முடி கலைந்து, நெற்றியெல்லாம் வியர்வை. கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "உங்க அப்பா ஆபீஸ் வாசல்ல பெரிய வேப்பமரம் நிக்கிட்டி. இத்தன வருசத்துல ஒரு நாளும் சொன்னதில்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஊரில் அவ்வளவு காலம் குடியிருந்தும் கணவன் தினமும் போய்வந்த கட்டடத்தை அவள் பார்த்ததே இல்லை. காலையில் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக் கொடுத்தாள், மாலையில் வாங்கிக் கழுவினாள். என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள் என்று அவள் கேட்டதில்லை. அப்பா நல்லவர்தான். அவருக்கும் தோன்றியதில்லை. பூட்டியிருந்த கேட்டின் முன்னால் அம்மா நெடுநேரம் நின்றாள் என்றும், காவலாளி யார் என்று விசாரித்தபோது தன் அரைகுறை இந்தியில், எங்கள் வீட்டுக்காரர் இங்கேதான் இருந்தார் என்று சொன்னாள் என்றும் அண்ணி பின்னர் என்னிடம் சொன்னாள். காவலாளி ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாராம். அம்மா உட்காரவில்லையாம்.

அடுத்த ஞாயிறு எனக்கு உடம்பு சரியாகிவிட்டிருந்தது. ஆனாலும் என் ஹெல்மெட் எனக்குக் கிடைக்கவில்லை. ஆற்றோரச் சாலை, டயமண்ட் ஹார்பர் சாலை என்று வாரத்துக்கு வாரம் தூரம் கூடியது. சேலை கட்டிக்கொண்டு ஒருபக்கமாக உட்காருவது ஆபத்து என்று அண்ணி சொல்லிக்கொண்டே இருக்க, ஒருநாள் அம்மா என் அலமாரியைத் திறந்து, "ஒஞ் சுடிதார்ல தொளதொளன்னு ஏதாவது இருந்தா குடு" என்றாள். வெளியே போன இடத்தில் இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஜோடித் தலைக்கவசத்துக்குள் எங்கேயோ என் தூது வேலை காலாவதியாகியிருந்தது. ஒரு மதியம் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது: "போல்ட்டு இன்னிக்கு எவ்வளவு இருந்துச்சு?" மருமகளின் உச்சரிப்பையே அவளும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

குளிர்காலம் தொடங்கியபோது அண்ணிக்கு நியூ டவுன் பக்கம் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்தது. தினமும் பைபாஸ் வழியாக நீண்ட தூரம். பேட்டரிக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. மீட்டர் எப்போது பார்த்தாலும் பன்னிரண்டரைக்கு மேல்தான். ஆனால் அண்ணி களைத்துப் போனாள். சனிக்கிழமை அரைநாள் முடிந்து வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுவாள். ஞாயிறு காலையும் தூக்கம். வண்டிக்குத் தேவையில்லாமல் போனதால் ஞாயிறுப் பயணங்கள் நின்றுவிட்டன. யாரும் முடிவெடுத்து நிறுத்தவில்லை.

அம்மா ஜன்னலுக்குத் திரும்பினாள். சுடிதார் மடித்தபடியே இருந்தது.

"நீயே கேளேம்மா," என்றேன்.

"அவளே அலுத்துப்போயிக் கெடக்கா. கேட்டு வாங்குததுக்கு இது என்ன கத்தரிக்காயா?"

சில வாரங்கள் அப்படிப் போயின. பிறகு வண்டியின் பேட்டரி மறுபடி இறங்க ஆரம்பித்தது. ஞாயிறு காலையில் தூங்கி எழுந்து, மீட்டரைப் பார்க்க அண்ணி சாவியைத் திருப்பினால் பன்னிரண்டுக்கும் கீழே காட்டும். முக்கி முனகித்தான் ஸ்டார்ட் ஆகும். அப்படியே விட்டால் திங்கட்கிழமை கிளம்பாது என்பதால் ஓட்டித்தான் ஆக வேண்டும். "மா, வாங்க, பேட்டரி மறுபடி டவுன்" என்று அண்ணி மேலே பார்த்துக் குரல் கொடுக்கும்போது அம்மா உடை மாற்றித் தயாராக இருப்பாள். அண்ணி மெக்கானிக்கிடம் போனாள். எங்காவது மின்சாரம் கசிகிறதா என்று ஒவ்வொரு வயராகப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் வங்கியிலிருந்து சீக்கிரம் வந்தேன். மாடிப்படிக்குக் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் சுவர் பளீரென்று வெளிச்சமாக இருந்தது. எங்கள் வண்டிக்கு, சாவியைத் திருப்பினாலே முன்விளக்கு எரிந்துவிடும். அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில், முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து, அம்மா மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கக் காத்திருக்கிறவளின் கவனம் அவள் முகத்தில்.

"என்னம்மா செய்றே?"

அவள் திடுக்கிடவில்லை. "சத்தம் போடாத. பன்னெண்டுக்குக் கீழ வந்தாத்தான் அவ நாளைக்கு வண்டிய எடுப்பா," என்றாள். எண் மாறும்வரை நின்று, சாவியை அணைத்து உருவி முந்தானையில் முடிந்துகொண்டு, ஒவ்வொரு படியாக மேலே ஏறினாள். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எத்தனை சனிக்கிழமை இப்படி இறங்கி ஏறியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு நான் கீழேயே நின்றேன்.

மறுநாள் அண்ணியிடம் தனியாகச் சொன்னேன். நாங்கள் இருவரும் வங்க மொழியில்தான் பேசிக்கொள்வோம்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "போன மாதமே தெரியும். ஒரு சனிக்கிழமை கையுறை எடுக்கக் கீழே போனேன். ஹெட்லைட் கண்ணாடி சூடாக இருந்தது."

"அப்புறம் ஏன் ஒன்றும் கேட்கவில்லை?"

"கேட்டால் நிறுத்திவிடுவார்கள். நானே கூப்பிட்டால், தன் மேல் இரக்கப்பட்டுக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து வரமாட்டார்கள். பேட்டரிக்காக என்றால் வருகிறார்கள்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டியிருக்கிறது. உன் அண்ணன் வர இன்னும் நாள் இருக்கிறதே," என்றாள்.

ஆனால் பேட்டரி இந்த இருவருக்காகவும் காத்திருக்கவில்லை. திரும்பத் திரும்ப அப்படி இறக்கினால் அதன் உயிர் போய்விடும். ஒரு திங்கட்கிழமை காலையில் நடுவழியில் பெட்ரோல் போட நிறுத்திய அண்ணிக்கு, வண்டி மறுபடி கிளம்பவில்லை. தள்ளிக்கொண்டு போய் ஓரம் சேர்த்து, டாக்சி கிடைத்துக் கிளினிக் போய்ச் சேரும்போது, அவளுக்காகக் காத்திருந்த பக்கவாத நோயாளி ஒருவர் பயிற்சி இல்லாமலே வீடு திரும்பிவிட்டிருந்தார். அவர் ஒவ்வொரு முறையும் மகனின் தோளில் தொங்கிக்கொண்டு வருகிறவர். சாயங்காலம் அண்ணி இதை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணனுடைய அறைக்குள், கல்யாணத்துக்குப் பிறகு, அம்மா காலெடுத்து வைத்ததில்லை. அன்று, அண்ணி உள்ளே இருந்தபோது, போனாள். நான் கூடத்தில் இருந்தேன், கதவு திறந்தே இருந்தது.

"நாந்தான் சாவியத் திருப்பித் திருப்பி வச்சேன்," என்றாள். "உங்கூட வரணும்னு இருந்துச்சு. கேக்கத் தெரியல. நான் யார்ட்டயும் ஒண்ணும் கேட்டுப் பழகல."

எனக்குத் தெரியும் மா என்று அண்ணி சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அவள் சொல்லவில்லை.

"இப்ப கேளுங்க," என்றாள்.

அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம என்னயக் கூட்டிட்டுப் போறியா?"

"போறேன் மா. ஆனா ரொம்ப தூரம் போணும்னா இந்த முட்டி சரியாகணும். உக்காருங்க. காட்டுங்க."

எட்டிப் பார்த்தபோது அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி தரையில் அமர்ந்து, அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மெதுவாக மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். அம்மா முகத்தைச் சுளித்தாள், ஆனால் காலை இழுத்துக்கொள்ளவில்லை. நான் அடுப்பை அணைக்கப் போய்விட்டேன்.

இப்போது நான் மாற்றலாகிச் சென்னையில் இருக்கிறேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை என்பது துணி துவைப்பதும் தூங்குவதுமாகக் கழிகிறது. அம்மாவுக்கு அன்று காலையில் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். போன வாரம் அதிசயமாக எடுத்தாள். பின்னணியில் காற்றும், தேநீர்க் கடையின் பாத்திரச் சத்தமும், வங்க மொழியில் யாரோ பேசிச் சிரிப்பதும் கேட்டன. கல்கத்தா பக்கம் வந்தே வருடமாகிவிட்டது, அடுத்த மாதம் நான்கு நாள் லீவு போட்டு வரட்டுமா என்று கேட்டேன்.

"வாயேன்," என்றாள் அம்மா. "ஆனா ஞாயித்துக்கெழம வீட்டுச் சாவி பக்கத்து வீட்ல இருக்கும், வாங்கிக்க. நாங்க வர மத்தியானம் ஆயிரும். சரி, வைக்கேன், அவ ஹெல்மெட்டோட நிக்கா."