பிச்சையம்மாள் வாயில் போட்ட சீனி

பிச்சையம்மாள் டீயில் சீனி போட்டுக்கொள்ள மாட்டாள். தீபாவளிக்கு யாராவது அதிரசம் கொடுத்தால் வாங்கி, அப்படியே அடுத்தவர் கையில் வைத்துவிடுவாள். புதிதாக வேலைக்கு வந்த நர்சுகள் அவளுக்குச் சர்க்கரை வியாதி என்றே முடிவு கட்டியிருந்தார்கள். "மரியசூசை அண்ணே, ஆயாவுக்கு ஒரு தடவ யூரின் டெஸ்டு பாருங்களேன்" என்று ஒருத்தி என்னிடமே வந்தாள். "ஒன் வேலயப் பாத்துக்கிட்டுப் போ" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்! எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேல்தான். போன ஐப்பசியில் பிச்சையம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனிமேல் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன? ஆனாலும் சொல்லித் தொலைக்கிறேன்.

நான் ஆவூர்க்காரன். ஐம்பத்து மூன்றில் புதுக்கோட்டையில், ஞானமணி டாக்டரம்மா நடத்திய சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் லேப் வேலைக்குச் சேர்ந்தேன். லேப் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் அறை, ஒரு மேசை, ஒரு மைக்ராஸ்கோப், ஜன்னலோரம் ஈர மணல் பரப்பிய நாலு மண்தொட்டி. தொட்டிகளுக்குள் தேரைகள். சொறித்தவளை என்று கல்லால் அடித்து விரட்டுவார்களே, அதேதான்.

கர்ப்பமா இல்லையா என்று அப்போது எங்களுக்குச் சொன்னது அந்தத் தேரைகள்தான். சிரிக்காதீர்கள். ஒரு பெண் உண்டானதும், நஞ்சுக்கொடியாகப் போகிற தசை ஒரு ஹார்மோனைச் சுரக்க ஆரம்பிக்கும். அது ரத்தத்தில் கலந்து மூத்திரத்தில் இறங்கும். விடிந்ததும் முதலில் போகிற மூத்திரத்தில் அது கூடுதலாக இருக்கும். அதை ஆண் தேரையின் முதுகுத் தோலுக்கு அடியில் ஊசியால் ஏற்றிவிட்டு, மூன்று மணி நேரம் கழித்துத் தேரையின் மூத்திரத்தில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். விந்தணுக்கள் நெளிந்தால் ஆமாம். ஒன்றும் இல்லாவிட்டால் இல்லை. ஊசிக்கு முன்பும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். மழைக்காலத்தில் சில தேரைகள் ஊசி போடாமலேயே விந்தணுக்களை விட்டுவைக்கும். நாள் தள்ளிப்போய் ரெண்டு வாரம்கூட ஆகாமல் ஓடிவந்தால், கர்ப்பம் இருந்தாலும் இல்லை என்று வந்துவிடும்.

எனக்குத் தேரையைத் தொட்டாலே உடம்பெல்லாம் கூசும். வார்டு ஆயாக்கள் அந்த அறைப்பக்கமே வர மாட்டார்கள். பிச்சையம்மாள் ஒருத்திதான், "இங்கிட்டுக் குடுங்க தம்பி, நான் பாத்துக்கிறேன்" என்று தொட்டியில் கை விட்டவள். பல்லவன் குளத்துப் படியிடுக்கிலும் கிணற்றடி ஈரத்திலும் கைவிட்டுப் பிடித்துவருவாள். ஆணா பெண்ணா என்று பார்க்க, முன்னங்கால்களுக்குப் பின்னால் ரெண்டு விரலால் மெல்ல அமுக்குவாள். ஆண் என்றால் கொர் கொர் என்று கத்தும். பெண் கத்தாது. "ஒலகத்துலயே இது ஒண்ணுலதான் ஆம்பள கத்துறான், பொம்பள சும்மா இருக்கா" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அப்போதெல்லாம் நன்றாகச் சிரிப்பாள்.

அவளுக்குத் திருவரங்குளம் பக்கம். எட்டு வருஷம் குடித்தனம் பண்ணிப் பிள்ளை இல்லை என்று புருஷன் அவள் தங்கை முறையில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். இவள் ஒரு டிரங்குப் பெட்டியோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். சொந்தக்காரர்கள் வளைகாப்புக்கு அவளைக் கூப்பிட மாட்டார்கள். தெரியாமல் போய் நின்றால் கர்ப்பிணியை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இந்த லட்சணத்தில் ஒரு ஊர்!

ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் கதையே வேறு. நான் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி "ஆமாம்" என்றதும் அவள் ஓட்டமாய் ஓடுவாள். டாக்டரம்மாதான் சொல்ல வேண்டும் என்பது ரூல். அந்த ரூலை அவளும் மதிக்கவில்லை, நானும் மதிக்கவில்லை. வேப்பமரத்தடியில் காத்திருக்கும் பெண்ணின் கையைப் பிடித்து, "ஆமாந்தாயி, தேரை சொல்லிருச்சு" என்பாள். நல்ல சேதி கொண்டுவந்தவள் வாயில் சீனி போடுவது வழக்கம் இல்லையா? டெஸ்டுக்கு வருகிறவர்கள் காகிதத்தில் பொட்டலமாய்ச் சீனி மடித்துக்கொண்டே வருவார்கள். மலடி என்று ஊர் ஒதுக்கிய வாயில் அவர்களே சீனியை அள்ளிப் போடுவார்கள். உதட்டில் ஒட்டிய சீனியைத் துடைக்காமலேயே லேப்புக்குத் திரும்பி வருவாள். நானும் பேசாமல் விட்டுவிடுவேன். அந்த ஒரு சந்தோஷத்தையும் பிடுங்கி எனக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

ஐம்பத்தாறு ஐப்பசியில் செவந்தி வந்தாள். கறம்பக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி ரெண்டு மைல் நடக்க வேண்டிய ஊர். இருபத்திரண்டு வயது, தலைப்பிரசவம். மூன்றாம் மாசமே வயிறு ஐந்து மாசத்துக்கு இருந்தது, உதிரப்போக்கு வேறு. உள்ளே பிள்ளை இல்லை. நஞ்சுக்கொடித் தசை மட்டும் திராட்சைக் குலை மாதிரி முத்து முத்தாக வளர்ந்திருந்தது. முத்துப்பிள்ளை என்பார்கள். டாக்டரம்மா அதை எடுத்துச் சுத்தம் பண்ணி அனுப்பினார். "ஒரு வருஷத்துக்குப் புள்ள உண்டாகக் கூடாது. மாசா மாசம் வந்து டெஸ்டு குடுக்கணும்" என்று புருஷன் நாகராசுவிடம் கண்டிப்பாகச் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. அந்தத் தசையில் துளி மிஞ்சியிருந்தாலும் புற்றாக மாறி நெஞ்சுக்கூடு வரைக்கும் பரவும் என்று இருபத்திரண்டு வயசுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வார்? அப்போது எந்த டாக்டரும் சொல்ல மாட்டார்.

அதனால் அவர்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். மாசா மாசம் டெஸ்டு எடுப்பது அடுத்த பிள்ளை வந்துவிட்டதா என்று பார்க்கத்தான் என்று நினைத்தார்கள். பிச்சையம்மாளும் அப்படித்தான் நினைத்தாள். மார்கழியில் இல்லை என்று வந்தது. செவந்தி முகம் வாடிப்போனது. டாக்டரம்மாவுக்கு அதுதான் நல்ல சேதி. தையிலும் இல்லை. "அடுத்த மாசம் கண்டிப்பா ஆமான்னு வரும் பாரு. நல்ல தேரையா நானே தேடிப் புடிச்சு வைக்கிறேன்" என்று பிச்சையம்மாள் அவள் தலையைத் தடவினாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

மாசியில் ஆமாம் வந்தது. அன்று டாக்டரம்மா திருச்சிக்குப் போயிருந்தார். சொட்டில் விந்தணுக்கள் மொய்த்தன. அத்தனை நான் அதுவரை பார்த்ததில்லை. செவந்தியின் சீட்டில் நோயின் பெயர் இங்கிலீஷில் எழுதியிருந்தது. நான் படித்தவன். எனக்கு உறைத்திருக்க வேண்டும். "இல்லை" என்றால் பிழைத்தாள், "ஆமாம்" என்றால் ஆபத்து என்று அந்தச் சீட்டே சொல்லிக்கொண்டிருந்தது. நான் பழக்க தோஷத்தில் தலையைத் தூக்கி, "அக்கா, ஒங்க செவந்திக்கு ஆமாம்" என்றேன். என் வாயில் மண்ணைப் போட!

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செவந்தி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாகராசு பொட்டலத்தைப் பிரித்து, அவசரத்தில் பாதியைக் கீழே சிந்தி, மீதியைப் பிச்சையம்மாள் வாயில் போட்டான். டாக்டரம்மாவைப் பார்க்காமலேயே மத்தியானம் பஸ் ஏறிவிட்டார்கள்.

மறுநாள் காலை டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். "எங்க அந்தப் பொண்ணு?" என்றார். நான் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து, "புதுக் கர்ப்பமா இருந்தாலும் இருக்கலாம், மரியசூசை. ஆனா எனக்கு அப்படித் தெரியல. ஒடனே மெட்ராஸுக்கு அனுப்பணும். கர்ப்பப்பைய எடுத்தா ஒருவேள பொழைப்பா" என்று மெதுவாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற பிச்சையம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கே நானும் பிச்சையம்மாளும் கறம்பக்குடி பஸ்ஸில் ஏறினோம். வீட்டு வாசலில் செவந்தியின் மாமியார் கண்ணாத்தாள் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். முதலில் பிச்சையம்மாளை "வா ஆத்தா" என்று வாய் நிறையக் கூப்பிட்டு மோர் கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும் அந்த முகம் மாறியதே, அதை நான் மறக்கவே மாட்டேன்.

"நேத்து புள்ள இருக்குன்னே. இன்னைக்கு இல்லேங்குறே. தேரை வெளயாடுதா, இல்ல நீ வெளயாடுறியா?"

நான் குறுக்கே புகுந்தேன். "தேரைக்குப் புள்ள தெரியாதும்மா. நஞ்சுக்கொடி விடுற ஹார்மோன் மட்டுந்தான் அதுக்குத் தெரியும். புள்ள இருந்தாலும் ஆமாங்கும், அந்தக் கெட்ட தசை திரும்ப மொளச்சாலும் ஆமாங்கும்."

"அப்ப நேத்து சீனி போட்டப்ப இதச் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் கண்ணாத்தாள்.

அவள் கேட்டது என்னைத்தான். இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

பிச்சையம்மாள் மண்ணில் முட்டி போட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். "தப்பு எம்மேலதான். என்னைய அடிங்க. புள்ளைய மட்டும் எங்க கூட அனுப்புங்க." கண்ணாத்தாள் எழுந்து கதவை மறித்துக்கொண்டாள். "மூணு மாசம் முடியாத புள்ளைய பஸ்ஸுல ஏத்தச் சொல்றியா? பெறாத வயித்துக்கு அடுத்தவ பெத்தா பொறுக்காதுடி. ஒன் வயித்தெரிச்சல இங்க கொண்டு வராத, எந்திரிச்சுப் போ."

நல்ல சேதி சொன்னபோது அந்த வாய்க்குச் சீனி. கெட்ட சேதி சொன்னபோது அதே வாய் மலடி வாய். கதவுக்குப் பின்னாலிருந்து செவந்தி எட்டிப் பார்த்தாள். "அக்கா, நீங்கதான சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். கோபமாக இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. கண்ணாத்தாள் கதவைச் சாத்தினாள். அடுத்த வாரம் டாக்டரம்மாவே காரில் போனார். பெண்ணைத் தாய்வீட்டில் விட்டிருக்கிறோம் என்றார்கள். எந்த ஊர் என்று கடைசிவரை சொல்லவில்லை.

வைகாசியில் நாகராசு அவளைத் தூக்கிக்கொண்டு வந்தான். இருமினால் ரத்தம் வந்தது. நெஞ்சுக்குப் போய்விட்டது, இனி மெட்ராஸுக்கு அனுப்பியும் பிரயோஜனம் இல்லை என்று டாக்டரம்மா அவனிடம் வராந்தாவில் வைத்துச் சொன்னார். அவன் தூணில் தலையை முட்டிக்கொண்டான். உள்ளே செவந்திக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. தீட்டு நின்றிருந்தது, வயிறு கொஞ்சம் உப்பியிருந்தது. அவள் ஐந்து மாசம் என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னொரு தடவ தேரைகிட்டக் கேட்டுச் சொல்லுங்க. அசையவே மாட்டேங்குது" என்றாள்.

பிச்சையம்மாள் குளத்துக்குப் போய்ப் புதிதாக ஒரு தேரை பிடித்துவந்தாள். டாக்டரம்மா சொன்னபடி செவந்தியின் மூத்திரத்தில் நூறு மடங்கு தண்ணீர் கலந்து ஊசி போட்டேன். சாதாரணக் கர்ப்பத்தில் அவ்வளவு தண்ணீர் கலந்தால் தேரைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தேன். அப்போதும் விந்தணுக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. பிச்சையம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வார்டுக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

"என்னக்கா சொல்லுச்சு?"

"ஆமான்னு சொல்லிருச்சு தாயி" என்றாள் பிச்சையம்மாள். "நல்லா அழுத்தமாவே சொல்லிருச்சு."

செவந்தி சிரித்தாள். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. புருஷனைப் பார்த்து, "என்ன நிக்கிறீங்க? அக்கா வாயில சீனி போடுங்க" என்றாள். அவனிடம் ஏது சீனி? நர்சுகளின் அறையிலிருந்து டம்ளரில் கொண்டுவந்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். பிச்சையம்மாளுக்கும் தெரியும். பிச்சையம்மாள் வாயைத் திறந்தாள், அவன் போட்டான். செவந்தி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணை மூடித் தூங்கும் வரைக்கும் பிச்சையம்மாள் உதட்டைத் திறக்காமல் சிரித்தபடி கட்டிலருகே நின்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் செவந்தி போய்விட்டாள். வண்டி கட்டிக் கொண்டுபோனார்கள். நான் பின்பக்கம் போனபோது பிச்சையம்மாள் கிணற்றடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். உப்பை விரலில் தொட்டு நாக்கைத் தேய்த்தாள். மறுபடி கொப்பளித்தாள். ஈறில் ரத்தம் கசிந்தது.

"போதும்க்கா, விடுங்க" என்று கையைப் பிடித்தேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "போக மாட்டேங்குது தம்பி" என்று அழுதாள். "இன்னும் இனிக்குது."